துளசி மாடத்துக்குக் கீழே ஒரு மூடி

எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். எந்தத் திருவிழாவில் என்றைக்கு எந்த வாகனம், அது எந்த முனையில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். உங்கள் வீட்டுக் கழிவுநீர் எந்தப் பக்கமாக வெளியே போகிறது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. சாப்பிடும் நேரத்தில் அசிங்கம் பேசியவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் பிரிவில் உத்தியோகம் பார்த்தவன் நான். ஒவ்வொரு வரைபடத்திலும் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். அதுதான் சேம்பர். வீட்டுக் குழாய்கள் எல்லாம் அதில் வந்து சேர்ந்து, அங்கிருந்து ஒரே குழாயாகத் தெருவிலிருக்கும் பாதாள சாக்கடைக்குப் போகும். அடைப்பு வந்தால் திறந்து குத்துவதற்காகவே அதற்கு ஒரு மூடி. அந்த மூடியின் மேல் எதையும் கட்டக் கூடாது, தளம் போட்டு மறைக்கக் கூடாது என்று எத்தனை பேருக்கு அறிவிப்பு அனுப்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மொட்டை மாடி மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் சேர்க்கக் கூடாது என்பது அடுத்த பத்தி. இரண்டும் மனப்பாடம். யாராவது படித்தார்களா என்று கேட்காதீர்கள்.

போன ஐப்பசி மழையில் ஒரு காலை. பேப்பரைப் பிரித்திருப்பேன். எங்கள் வீட்டின் பின்கட்டில் குடியிருக்கும் நெசவாளர் நனைந்த வேட்டியோடு ஓடிவந்தார்.

"சார், பாத்ரூம் தரை ஜாலி வழியா தண்ணி மேல வந்துக்கினு இருக்குது சார். படி தாண்டி ஓடியாந்து தறிக்குழியில எறங்குது. ஒரே நாத்தம்."

நான் எழுந்து ஓடினேன். அவருடையது குழித்தறி. நெய்கிறவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிபலகைகளை மிதிப்பார். வீட்டிலேயே தாழ்வான இடம் அந்தக் குழிதான். எந்தத் தண்ணீரும் கடைசியில் அங்கேதான் போகும். மிதிபலகைகள் முழுகியிருந்தன. அவற்றுக்கு மேலே, நெய்த சேலை சுற்றியிருக்கும் படமரம். அதிலிருந்து எதிர்ப்பக்கம் வரை நீண்ட அரக்குச் சிவப்புப் பட்டிழைகளின் பாவு. யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தச் சேலை. முக்கால்வாசி முடிந்திருந்தது.

அவர் மனைவி ஏற்கெனவே பக்கெட்டில் மொண்டு பின்பக்கம் காலியிடத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"நாலு பக்கெட் எடுத்தா அஞ்சு பக்கெட் வருதுங்க ஐயா" என்றார்.

"பாவைச் சுருட்டி எடுத்துவிட முடியாதா?" என்று கேட்டேன். முப்பது வருடம் கேள்வி கேட்டே பழகியவன்.

நெசவாளர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "ஏத்தின பாவ முடிக்காம எறக்க முடியாது சார். ஆயிரக்கணக்கான இழை. அறுத்தா தோரணம்தான் கட்டணும்." பிறகு தண்ணீரையும் படமரத்தையும் பார்த்துக் கையை விரித்து அளந்தார். "ரெண்டு சாண் இருக்குது. பட்டுல இந்தத் தண்ணி ஒரு சொட்டுப் பட்டாலும் நாத்தம் போவாது. கல்யாணப் பொண்ணு தலையில கட்ட முடியுமா சொல்லுங்க?"

வீட்டில் யாரும் குழாயைத் திறக்கக் கூடாது, கழிப்பறையில் தண்ணீர் விடக் கூடாது என்று உத்தரவு போட்டேன். அப்படியும் தண்ணீர் ஏறியது. வெளியே வந்து மேலே பார்த்தேன். மொட்டை மாடி மழைநீர்க் குழாய் நேராக இறங்கி, குளியலறைச் சுவருக்குள் புகுந்து, கழிவுநீர்க் குழாயில் சேர்ந்திருந்தது. என் வீட்டில். இரண்டாவது பத்தி.

புகார் எண்ணுக்கு அழைத்தேன். அழுத்தத்தில் நீர் பாய்ச்சி அடைப்பை எடுக்கும் லாரி வரும், முன்னால் பல வீடுகள் இருக்கின்றன, மதியம் ஆகும் என்றார்கள். நியாயமான பதில்தான். மழை அன்று எல்லோர் வீட்டிலும் பெய்தது.

அதற்குள் எதிர்வீட்டுக்காரர் குடையோடு வந்துவிட்டார். பட்டுக்கடையிலிருந்து ஓய்வு பெற்றவர். என்ன நடந்தாலும் ஆலோசனையோடு வருவார்.

"சேம்பர் எங்க இருக்குதுன்னு தேடிக்கினு நேரத்த ஓட்டாதீங்க சார். தெரு மூடியத் தூக்கி ஒரு ஆள உள்ள எறக்கினா, ஒரே குத்து, போயிடும். எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரு. போன் போட்டாச்சு, வந்துக்கினு இருக்காரு."

"யாரையும் உள்ளே இறக்குவது குற்றம். சட்டம் இருக்கிறது."

"சட்டம் பேப்பர்ல இருக்குது சார். அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம். உள்ளாற போறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஊத்திக்குவாங்க, ஒண்ணும் ஆவாது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, காலையில் சிவன் கோயிலைச் சுற்றி வந்த அதே வாயால் இதைச் சொல்கிறார். பத்தடி ஆழக் குழியில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் விஷவாயு, இறங்குகிறவனுக்குப் பழக்கமா இல்லையா என்று விசாரித்துக்கொண்டா மூச்சை நிறுத்துகிறது? "உங்களுக்குக்கூடத்தான் பழக்கப்படுத்திக்கொள்ளலாம், இறங்குகிறீர்களா?" என்று கேட்டேன். குடையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

அவர் சொன்ன ஆள் வந்தார். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கலாம். சைக்கிளில் ஒரு கடப்பாரையும், சுருட்டிக் கட்டிய மூங்கில் பிளாச்சும். ஒல்லியாக, நீளமாகச் சீவிய மூங்கில் அது, குழாயின் வளைவுக்கு வளைந்து கொடுக்கும். எதிர்வீட்டுக்காரர் தெரு மூடியைக் காட்டினார். வந்தவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் எறங்க மாட்டேன்பா. என் மச்சான் எறங்கினாரு. அவர நாங்கதான் தூக்கினோம்." வேறு விளக்கம் எதுவும் தரவில்லை. என்னிடம் திரும்பினார். "வீட்டு சேம்பரக் காட்டு சார். அங்கேருந்து குத்தினா வேலை முடிஞ்சிது."

அதைத்தான் என்னால் காட்ட முடியவில்லை.

பீரோவிலிருந்து வீட்டு வரைபடத்தை எடுத்து வந்தேன். சேம்பர் வாசல் முற்றத்தின் வடகிழக்கு மூலையில், மதிலிலிருந்து நாலடி. டேப் பிடித்தேன். அந்த இடத்தில் பளபளவென்று தரைக்கல். வேறு பக்கம் அளந்தேன். மதிலை இடையில் தள்ளிக் கட்டியிருந்தோம் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பின்கட்டிலிருந்து பக்கெட் சத்தம் நிற்காமல் கேட்டது.

"ஒண்ணரைச் சாண் சார்!" என்று நெசவாளரின் குரல்.

வந்தவர் என் வரைபடத்தை ஒரு முறை பார்த்தார். மரியாதைக்குத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு குளியலறைச் சுவரோரம் நிற்கும் காற்றுக் குழாயைப் பார்த்தார், தெரு மூடியைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே நேர்க்கோட்டில் நடந்தார். அடிக்கு ஒரு முறை கடப்பாரையின் பின்புறத்தால் தரையைத் தட்டினார். டொக், டொக், டொக். ஓரிடத்தில் சத்தம் மாறியது. பானையைத் தட்டியதுபோல் ஒலித்தது. இன்னும் ஒரு தட்டு. நிமிர்ந்தார்.

"இதுக்குக் கீழதான் சார்."

இதுக்கு என்று அவர் காட்டியது எங்கள் துளசி மாடம்.

எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆறு வருடம் முன்பு மகள் கல்யாணத்துக்காக முற்றத்துக்குக் கல் பதித்தோம். அப்போது வாஸ்து பார்க்க ஒருவர் வந்தார். ஈசானிய மூலையில் அசுத்த நீரின் வாய் திறந்திருந்தால் பெண்ணுக்கு நல்ல சம்பந்தம் நிலைக்காது என்றார். பரிகாரமாக அதே இடத்தில் துளசி மாடம் எழுப்பச் சொன்னார். கொத்தனார் மூடியின் மேலேயே அடி திறந்த மாடத்தைக் கட்டி மண்ணை நிரப்பினார். அப்படியே மழைக் குழாயையும் வசதியாகக் கழிவுநீர்க் குழாயில் சேர்த்துவிட்டார். நான் எங்கே இருந்தேன்? அலுவலகத்தில், மூடியை மறைத்தவர்களுக்கு அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். மாலை வந்து பார்த்து, மாடம் லட்சணமாக இருக்கிறது என்று சொன்னவனும் நான்தான்.

"மாடத்தை எடுக்கணும்" என்றேன்.

என் மனைவி வாசற்படியில் உறைந்து நின்றாள். "துளசியையா? வெள்ளிக்கிழமையிலயா?"

எதிர்வீட்டுக்காரர் உடனே வழி சொன்னார். "நீங்க தொட வேணாம் சார், பாவம் வந்து சேரும். இவரே இடிச்சிடட்டும். இவருக்கு ஒண்ணும் இல்ல."

வந்தவர் கடப்பாரையை நிலத்தில் ஊன்றினார். "இன்னா சார் கதையா இருக்குது. துளசி தீர்த்தத்த எனக்கு யாரும் குடுத்ததில்ல. பாவம் மட்டும் எனக்கா? சாமிய நீங்க தூக்குங்க. மூடிய நான் தூக்கறேன்."

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்த நான்தான் கூசிப்போனேன்.

"ஒரு சாண்தாங்க ஐயா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. இந்த முறை நெசவாளரின் மனைவி.

என் மனைவிக்கு அந்தக் குரல் கேட்டிருக்க வேண்டும். "இருங்க, நானே எடுக்கறேன். ஒரு கற்பூரம் காட்டிட்டு எடுத்துடறேன்" என்று தீப்பெட்டியோடு வந்தாள்.

நான் கத்தியேவிட்டேன். "நெருப்பு கூடாது! மூடிக்குக் கீழே அடைபட்ட வாயு. தீப்பிடிக்கும். மாடத்தில் இருக்கிற விளக்கையும் முதலில் அணை!"

"வெளக்க அணைக்கறதுன்னு சொல்லாதீங்க" என்று அவளும் கத்தினாள். "மலையேத்தறதுன்னு சொல்லுங்க!"

சரி, மலையேற்றினாள். நான் அலுவலகத்தில் ஒருநாளும் தொடாத சுத்தியலைக் கையில் எடுத்தேன். மாடத்தின் பக்கச் சுவரை நானே உடைத்தேன். மண்ணைத் தள்ளிவிட்டு, நானும் மனைவியுமாகச் செடியைப் பிடித்துத் தூக்கினோம். வரவில்லை.

வந்தவர் குனிந்து பார்த்துச் சிரித்தார். "வேர் கீழ எதையோ புடிச்சிக்கினு இருக்குதுமா."

அரிவாள்மணையால் வேரை அறுத்துச் செடியைத் தனியே எடுத்தோம். கீழே கான்கிரீட் மூடி, ஓரத்தில் ஒரு விரல் விரிசல். இனி எனக்குத் தெரிந்த வேலை. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நாங்கள். கையுறை என் மகன் ஸ்கூட்டருக்கு வாங்கியது, அதை வந்தவரிடம் கொடுத்தேன். மூடியை ஒரேயடியாகப் புரட்டாமல், கடப்பாரையால் ஒரு முனையை மட்டும் நெம்பி, செங்கல் துண்டு ஒன்றைச் சொருகினார். புஸ்ஸென்று ஒரு மூச்சு வந்தது. எதிர்வீட்டுக்காரர் குடையோடு தெருவுக்கே போய்விட்டார்.

"கொஞ்ச நேரம் அப்படியே விடுங்க" என்றேன். "முகத்தைக் குனிந்து பார்க்க வேண்டாம்."

"தெரியும் சார்" என்றார். "ஆனா சொல்லு. இத யாரும் எனக்குச் சொன்னதில்ல."

அந்தச் சில நிமிடங்கள்தான் அன்றைக்கு மிக நீளமானவை. பின்கட்டில் பக்கெட் சத்தம் மெதுவாகிவிட்டிருந்தது. இறைத்தவர்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது. பிறகு மூடியை முழுதாக நகர்த்தினோம். சேம்பர் விளிம்பு வரை நிறைந்திருந்தது. நிறைந்திருந்தால் அடைப்பு தெருப் பக்கக் குழாயில். காலியாக இருந்தால் வீட்டுப் பக்கம். இதையும் நான்தான் சொன்னேன், இதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது. வெளியிலேயே நின்றுகொண்டு, மூங்கில் பிளாச்சைத் தெருப் பக்கக் குழாயின் வாயில் விட்டுத் தள்ளினார். எதிலோ முட்டியது. திருகி இழுத்தார்.

சடைபோல ஒன்று வந்தது. ஒரு முழ நீளம். நுண்ணிய வேர், முடி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து முறுக்கிய சடை. விரிசல் வழியே இறங்கிய துளசி வேர் குழாய் வாயில் வலை பின்னி, போனதையெல்லாம் பிடித்து வைத்திருந்தது.

இந்தத் தெருவில் எங்கள் துளசி மட்டும் ஏன் அப்படித் தளதளவென்று வளர்கிறது என்று பெண்கள் கேட்பார்கள். என் மனைவியின் பக்தி என்பார்கள். எதிர்வீட்டுக்காரர் தினமும் தீர்த்தத்துக்கு நாலு இலை வாங்கிப் போவார். சடையைத் தெருவிலிருந்தே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது குத்தில் தண்ணீர் சுழித்தது. கடகடவென்று இறங்கியது. அதே நேரம் பின்கட்டிலிருந்து சத்தம்.

"ஜாலியில உள்வாங்குது சார்! உள்வாங்குது!"

படமரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலு விரல் இருந்தது. மீதியை அவர்கள் இறைத்து முடிக்க முன்பகல் ஆகிவிட்டது. நானும் பக்கெட் தூக்கினேன். வந்தவருக்கு என் மனைவி எங்களுக்குக் கொடுக்கும் டம்ளரில்தான் காபி கொடுத்தாள். மதியம் லாரி வந்து, தெருக் குழாயையும் ஒரு முறை கழுவிவிட்டுப் போனது.

மறுநாளே மழைக் குழாயைத் துண்டித்து முற்றத்து உறைகிணற்றுக்குத் திருப்பினேன். மூடி இப்போது வெட்டவெளியில் இருக்கிறது, விளிம்பில் மஞ்சள் பெயிண்ட். துளசி தொட்டியில், இன்னொரு மூலையில் துளிர்த்திருக்கிறது, பழைய செழிப்பு இல்லை. ஈசானியத்தில் சாக்கடை வாய் தெரிகிறதே என்று இதுவரை மூன்று பேர் துக்கம் விசாரித்துவிட்டார்கள். அவரவர் வீட்டு மூடி எங்கே என்று திருப்பிக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாது என்பதில் ஒருவருக்கும் வெட்கமும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, குழி காய்ந்து நெசவும் முடிந்து, சேலை தறியிலிருந்து அறுபட்டது. நெசவாளர் அதைக் கடைக்குக் கொண்டு போகும் முன் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மடிப்பைப் பிரித்து என் மனைவியின் முகத்தருகே நீட்டினார்.

"மோந்து பாருங்கமா. எங்களுக்குப் பழகிப்போயிருக்கும், தெரியாது. நாத்தம் இருக்குதா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்து மோந்தாள். முந்தானை, உடல், கரை எல்லாம் மோந்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"புதுப் பட்டு வாசனைதான்பா" என்றாள்.

அவர் மறுபடி மடித்தார். அவசரப்படாமல், மடிப்பு பிசகாமல்.