பொனட்டின் வலது மூலை

எட்மண்டனில் எங்கள் கராஜ் முதலாளி சிவம் அண்ணை, தேடி அலைந்து ஒரு பழைய மஸ்டாங் கார் வாங்கினார். மறுநாள் பழைய கார்களின் கண்காட்சி.

"கழுவிப்போட்டுச் சந்தனப் பொட்டு வை. வேறொண்டும் செய்யாதை," என்றுவிட்டு, கண்ணூறு கழிக்கச் சில்லுக்கு அடியில் வைக்கத் தேசிக்காய் வாங்கப் போனார்.

பொட்டு வைக்கக் குனிந்தபோதுதான் கண்டேன். என்ஜினை மூடும் பொனட்டின் முன் மூலைகள் இரண்டும் உள்ளே மடிக்கப்படாமல் கூராக நின்றன. மற்ற மஸ்டாங்குகளில் அழகாக மடித்திருக்கும். நான் படிப்பைப் பாதியில் விட்டவன்தான். ஆனால் வேலையைப் பாதியில் விட்டவனைக் கண்டால் பொறுக்காது. சுத்தியலை எடுத்து வலது மூலையை மடித்துவிட்டேன்.

திரும்பி வந்த அண்ணை, தேசிக்காய்ப் பையோடு நிலத்தில் குந்திவிட்டார்.

"டேய், முதல் முதல் செய்த கார்களுக்குத்தானடா அந்தக் கூர் மூலை! பிறகுதான் மடிச்சவங்கள். அதுக்காகத்தானே இதை வாங்கினனான்!"

"இடது பக்கம் இன்னும் இருக்குத்தானே, அண்ணை?"

"உன்ரை வாயையும் ஒருக்கா மடி!"

அவர் என்னை வேலையால் நிறுத்தவில்லை. கண்காட்சியில் வலது மூலையை மறைத்தபடி நிற்கவிட்டார். இன்றுவரை எந்தக் கண்காட்சியிலும் அதுதான் என் இடம்.

இப்போதெல்லாம் சுத்தியலைத் தூக்குமுன், "அண்ணை, இது பிழையோ, அடையாளமோ?" என்று கேட்கிறேன். நான் எது என்று மட்டும் இன்னும் கேட்கவில்லை.