வெள்ளிக்கிழமை கை காட்டியவன்

ஜின் இருப்பதாக மதரசாவில் ஓதித்தந்ததை நான் மறுத்ததில்லை. ஆனால் அது எங்கள் எத்தாளைக் கடற்கரையில் வந்து நிற்கும் என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், பரவாயில்லை, சிரித்துவிட்டு வாசியுங்கள்.

யுத்தம் முடிந்ததும் உம்மாவும் வாப்பாவும் தங்கச்சியும் பழைய காணியைத் துப்புரவாக்கி வீடு கட்ட மன்னாருக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். புத்தளத்தில் கணினி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்ததால் நான் மட்டும், நாங்கள் இடம்பெயர்ந்து வந்து குடியிருந்த எத்தாளை வீட்டில் தங்கினேன். அந்தத் தனிமையில்தான் பழைய போர்க்காலச் சின்னங்கள் சேர்க்கும் பைத்தியம் பிடித்தது.

ஒருநாள் தபாலில் நாஜிக் காலத்து ஜெர்மன் கடற்படை இளைஞர் அணியின் கைச்சின்னம் ஒன்று வந்தது. கருநீலத் துணி, அதில் குறுக்காக இரண்டு கொடிகள். இரண்டு கைகளிலும் கொடி பிடித்து, நீட்டி நிறுத்தி எழுத்தெழுத்தாகச் சைகை காட்டப் பழகிய பையன்கள் சட்டைக் கையில் தைத்துக்கொண்டது. அவர்களுடைய கொள்கை நாசமாய்ப் போகட்டும், என்னைப் பிடித்தது வேறு விஷயம். பின்பக்கத்தில் அறுந்த நூல் துண்டுகள் அப்படியே இருந்தன. அப்படியென்றால் ஒருவன் இதை உண்மையாகவே போட்டிருக்கிறான். அதைக் காட்ட எனக்கு ஒருவரும் இல்லை. போனில் உம்மாவிடம் சொன்னேன்.

"துணித் துண்டுக்கா மகன் இவ்வளவு சந்தோஷம்? இஞ்ச வா, முழுச் சட்டையே தைச்சுத் தாறன்" என்றார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து, சின்னத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். வெள்ளியில் எங்கள் ஆட்கள் கடல் தொழிலுக்குப் போவதில்லை, போட்டுகள் எல்லாம் மணலில் கிடந்தன. தூரத்தில் ஒரு சின்னத் துடுப்புப் படகு, அதில் ஒருவன் எழும்பி நின்று இரண்டு கைகளையும் விறைப்பாக நீட்டுகிறான், நிறுத்துகிறான், பிறகு வேறு பக்கம் நீட்டுகிறான். எங்கள் ஆட்கள் ஆபத்தென்றால் உடுத்த சாரத்தை அவிழ்த்துத் துடுப்பில் கட்டிச் சுழற்றுவார்கள். இவன் அப்படிச் செய்யவில்லை.

இந்தக் கரையில் ஒரு முறை இருக்கிறது. கடலில் ஒருவன் உதவி கேட்டால், கண்டவன் பதிலுக்குத் துணி ஆட்டவேண்டும். ஆட்டிவிட்டால் அவன் கரை சேரும்வரை இடத்தைவிட்டு அசையக்கூடாது, ஏனென்றால் அவன் உன்னைப் பார்த்துத்தான் வருவான். போட்டை எடுத்துக்கொண்டு போக வேறு ஆளைத்தான் அனுப்பவேண்டும். நான் சட்டையைக் கழற்றி ஆட்டினேன். அனுப்ப ஆளில்லை, படகு தாழ்வதுபோல் தெரிந்தது. ஓடினேன்.

எங்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரியான போட்டுக்காரர் நசீர் நானா மீன் வாடிக் கொட்டிலில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை கடல்ல ஆருடா?"

"தெரியா நானா, வெளியூர் ஆளாக்கும், தாழுறான்."

"தனிய இருந்து இருந்து ஒனக்கு ஆள் தெரியத் தொடங்கிட்டு. கலியாணத்த முடி எண்டா கேக்கிறாயா?" என்று சொல்லிக்கொண்டே எஞ்சினைத் தூக்கித் தோளில் வைத்தார்.

போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரு பலகைத் துண்டுகூட மிதக்கவில்லை. ஒரு மனிதன் என் கண்முன் செத்துப்போனானா என்று தண்ணீரை எட்டி எட்டிப் பார்த்தேன். நானா எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பத் திரும்பத் தேடினார். பிறகு கரைப்பக்கம் கையை நீட்டினார்.

"அங்க பாரு. எஞ்சின் பழுதெண்டு நெனச்சிட்டான் போல, ஆரோ நமக்குக் கை காட்டுறான். என்னடா இவன், ட்ராபிக் பொலிஸ் மாதிரி."

நான் சட்டை ஆட்டிய அதே இடம். இரண்டு கைகளும் விறைப்பாக நீண்டன, நின்றன, வேறு பக்கம் நீண்டன. நம்புங்கள், நம்பாமல் போங்கள், போட்டு மணலில் முட்டும்வரை அவன் அங்கிருந்து அசையவே இல்லை. நானா எஞ்சினைத் தூக்கக் குனிந்தார், நான் கயிற்றை எடுக்கத் திரும்பினேன், நிமிர்ந்தால் கரையில் யாரும் இல்லை. ஒளிய ஒரு மரம்கூட அங்கே கிடையாது. நானாவும் அதற்குப் பிறகு கலியாணப் பகிடி விடவில்லை.

மன்னாரில் வீடு கட்டி முடிந்துவிட்டது. உம்மா வரச்சொல்லி அழுகிறார், நான் வகுப்பு, வேலை என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன். உண்மை இதுதான்: நாங்கள் கரை சேரும்வரை அவன் நின்றான். நான் அவனுக்குத் துணி ஆட்டிவிட்டு இடத்தைவிட்டு ஓடினேன். அந்தப் படகு இன்னும் கரைக்கு வரவில்லை.