பள்ளியில் வழங்கப்படும்

“எழுத்தப் படிச்சுருவா. சேதியப் படிப்பாளா?” என்று மாமி கேட்டார்.

கேட்டது என்னிடம் அல்ல, காய்ச்சலில் படுத்திருந்த உம்மாவிடம். நான் பக்கத்தில்தான் நின்றேன், தலைமையாசிரியர் கொடுத்தனுப்பிய காகிதத்தை விரித்துப் பிடித்தபடி. எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பை முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன்.

மாமி வாப்பாவின் லாத்தா, அதாவது அக்கா. கணவர் மௌத்தாகி விதவையான பிறகு எங்களோடு இருந்தார். வாப்பா கொழும்பில் ஒரு சாயாக்கடையில் நின்றதால், வீட்டில் எது நடக்கவும் மாமி தலையசைக்க வேண்டும். நான் ஆறாம் வகுப்புக்குப் போவதா, வீட்டோடு இருந்து ஓலைப்பெட்டி முடைவதா என்று உம்மா கேட்டனுப்பியதற்கு, ‘லாத்தா சொல்றபடி செய்யவும்’ என்று வாப்பாவிடமிருந்து பதில் வந்திருந்தது. அந்தப் பதிலை வாசித்துச் சொன்னதும் மாமிதான். வாப்பாவின் கடிதங்கள் அரபுத்தமிழில் வரும். நம் பேச்சுத்தான், ஆனால் அரபு எழுத்தில் வலமிருந்து இடமாக ஓடும். அதே எழுத்தில் இருந்த பழைய கிஸ்ஸாக் கதைகளை மாமி மதிய நேரங்களில் ராகம் போட்டுச் சொல்ல, தெருப்பெண்கள் சுவரில் சாய்ந்து கேட்டபடி கண்ணயர்வார்கள். அதையெல்லாம் நாங்கள் ‘ஓதுறது’ என்போம். படிப்பு என்றால் நான் படிப்பது.

அந்தக் கோடையில்தான் காய்ச்சல் வந்தது. கப்பலேறி வந்தது என்று பேசிக்கொண்டார்கள். ஆகவே எங்கள் தெருவில் அதற்குக் கப்பல் காய்ச்சல் என்றே பெயர். கச்சான் காற்று மணலை வாரிக் கதவுகளில் இறைத்துக்கொண்டிருக்க, கதவுகளுக்கு உள்ளே ஆட்கள் இருமினார்கள். எனக்கும் மூன்று நாள் காய்ந்தது. அந்த மூன்று நாளும் கூரையின் பனங்கைகள் துடுப்பு வலிக்க, வீடு எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு மெதுவாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. எழுந்தபோது கரை அதே இடத்தில் இருந்தது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

விடுமுறை முடிந்தும் பள்ளிக்கூடம் திறக்கவில்லை. தலைமையாசிரியர் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். ஊருக்குப் போகாமல் வகுப்பறையிலேயே தங்கி, வாரம் ஒரு காகிதம் எழுதித் தெருவுக்கு ஒரு பிள்ளையிடம் கொடுத்தனுப்புவார். எப்போது திறக்கும், அதுவரை எந்தப் பாடத்தைப் பார்க்க வேண்டும், காய்ச்சல்காரருக்கு என்ன கொடுக்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். எங்கள் தெருவுக்கு நான். ஒவ்வொரு வீட்டு ஓலைத்தட்டிக்கு முன்னும் நின்று உரக்க வாசிப்பேன். தட்டிக்குப் பின்னாலிருந்து முகமில்லாத குரல்கள் பதில் சொல்லும்.

“யாரு, வாசிப்புக்காரியா? கொஞ்சம் இரு புள்ள, உலைய எறக்கிட்டு வாரேன்.”

“நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுப் பருகவும்,” என்று நான் வாசிப்பேன்.

“வெந்நிதானே? வெந்நின்னு எழுதினா ஒங்க சாருக்கு மை கொறஞ்சு போகுமாக்கும்!”

தட்டி முழுக்கச் சிரிக்கும். நான் சிரிக்க மாட்டேன். நல்ல தமிழ் இவர்களுக்குப் புரியவில்லையே என்று இரக்கப்பட்டுக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போவேன்.

மாமி அந்தக் கேள்வியைக் கேட்டது நான்காவது காகிதம் வந்த அன்று. அதில் இப்படி இருந்தது: ‘வருகிற வெள்ளிக்கிழமை காலை பள்ளியில் பால் மாவும் காய்ச்சல் மருந்தும் வழங்கப்படும். வீட்டுக்கு ஒருவர் பாத்திரமும் வெற்றுப் புட்டியும் கொண்டு வரவும். ஆறாம் வகுப்பில் சேர விரும்பும் பிள்ளைகளின் வீட்டார் அன்றே நேரில் வந்து கையொப்பமிட வேண்டும். பிறகு சேர்க்கப்படாது.’

கடைசி வரிகளை மட்டும் இரண்டு முறை வாசித்தேன். உம்மாவால் எழுந்திருக்க முடியாது. போவதென்றால் மாமிதான் போக வேண்டும்.

“பாப்போம். மொதல்ல மருந்து ஒழுங்கா நம்ம தெருவுக்கு வந்து சேரட்டும். அப்புறம் ஒன் ஆறாங் கிளாசப் பாப்போம்,” என்றார் மாமி.

அன்று மாலை ஒரு வீடு விடாமல் வாசித்தேன். மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கும் குரலில், ‘வழங்கப்படும்’ என்பதை நீட்டி நிறுத்தி வாசித்தேன். தட்டிகளுக்குப் பின்னால் ஒருவர்கூடக் கேலி செய்யவில்லை. எல்லோருக்கும் தெளிவாகப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் தெளிவாகத்தான் புரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, குளித்துப் பாவாடை மாற்றி முதல் ஆளாகப் போய்விட்டேன். வேப்பமரத்தடியில் சுகாதாரக்காரர் பால் மாவு டின்களையும் சிவப்பு மருந்து நிறைந்த பெரிய சாடியையும் வைத்திருந்தார். ஆட்கள் நெருக்கியடிக்காமல் நிற்க, தலைமையாசிரியர் மணலில் சிப்பிகளைத் தள்ளித் தள்ளிப் பதித்திருந்தார். மற்றத் தெருக்காரர்கள் வந்து சிப்பிக்கு ஒருவராக நின்று வாங்கிக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை.

வெயில் ஏறியது. ஆளில்லாத சிப்பி வரிசையில் நான் ஒவ்வொன்றின் மேலும் போய் நின்று பார்த்தேன். ஒன்றில் நிற்கும்போது நான் பக்கத்து வீட்டு மாமி, அடுத்ததில் அவருடைய மருமகள். காற்றில் வேப்பம்பூ உதிர்ந்து பால் மாவின் மேல் விழுந்தது.

“வாசிச்சுச் சொன்னியாம்மா?” என்றார் தலைமையாசிரியர்.

“ஒரு வீடு விடாம வாசிச்சேன் சார்.”

சுகாதாரக்காரர் பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவாராம். சாடியில் பாதி மருந்து அப்படியே இருந்தது. நான் ஓடினேன். சுடுமணலில் ஓடி வீட்டுக்குள் விழுந்து, “மாமி, பள்ளிக்கு யாருமே வரல!” என்று அழுதேன்.

மாமி உம்மாவின் நெற்றித் துணியை நனைத்துக்கொண்டிருந்தார். “என்ன புள்ள ஒளர்றே? காலையிலேர்ந்து தெருவே பள்ளியிலதானே நிக்குது!”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பேச்சில் பள்ளி என்றால் தொழும் இடம். பிள்ளைகள் படிக்கப் போவது இஸ்கூலுக்கு. மற்றத் தெருப் பிள்ளைகள் காகிதத்தை ஒப்பிக்காமல் ‘இஸ்கூல்’ என்றே சொல்லியிருப்பார்கள். வீட்டில் நானும் அப்படித்தான் பேசுவேன். புத்தகத்தையோ சாரின் காகிதத்தையோ விரித்தால் மட்டும் எனக்குப் பள்ளி வேறு இடமாகிவிடும்; அன்று அழுத வேகத்தில் அந்தச் சொல்லே வாயில் வந்திருந்தது. இரண்டும் இத்தனை நாள் ஒரே வாய்க்குள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் குடியிருந்திருக்கின்றன. போதாததற்கு வெள்ளிக்கிழமை, பாத்திரம். நோன்பு முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பாத்திரத்தோடு பள்ளிக்குப் போய்க் கஞ்சிக்கு வரிசையில் நிற்பது தெருவுக்கே பழகிப்போயிருந்தது.

மாமி நனைத்த துணியை உம்மாவின் நெற்றியில் போட்டுவிட்டு எழுந்தார். திட்டவில்லை. கொடியிலிருந்த வெள்ளைத் துப்பட்டியை உருவித் தலையோடு போர்த்திக்கொண்டு, “நட,” என்றார்.

பள்ளிவாசல் மதிலோரம் கிழவர்களும் பிள்ளைகளும் தூக்குவாளிகளோடும் புட்டிகளோடும் நின்றார்கள். பாங்கு சொல்லும் மோதினார் வாசலில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். மாமி மதிலுக்கு வெளியே நின்றே குரல் கொடுத்தார்.

“மோதினாரே, சனத்த இஸ்கூலுக்குத் திருப்பி விடுங்க! மருந்து அங்கனதான் குடுக்குறாக!”

“அப்படிச் சொல்லுங்க! கஞ்சி நோன்போட முடிஞ்சிருச்சுன்னு நானும் தொண்ட கிழியச் சொல்றேன், ‘காயிதத்துல போட்டுருக்கு’ங்குறாக!”

“காயிதத்துல சரியாத்தான் போட்டுருக்கு. வாசிச்ச புள்ளக்கித்தான் எந்தப் பள்ளின்னு சொல்லத் தெரியல,” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார் மாமி. நான் அவருடைய துப்பட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வரிசை அப்படியே திரும்பியது. தூக்குவாளிகள் வெயிலில் மின்ன, மணல்மேட்டில் ஏறி இறங்கி, முன்னால் ஒரு வெள்ளைத் துப்பட்டி போக, தெரு முழுவதும் மிதந்து போவதைப் போலிருந்தது. காய்ச்சலில் நான் பார்த்த கப்பல் இதுதானோ என்று தோன்றியது. பஸ் வருவதற்குள் கடைசிப் புட்டியும் நிறைந்துவிட்டது. உம்மாவின் புட்டியை நானே பிடித்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு மாமி தலைமையாசிரியரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

“இவ பேர எழுதிக்கங்க சார். ஆறாங் கிளாசுக்கு.”

“நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?”

“இவ்வளவு தப்பா வாசிக்கிறவள பாதியில நிறுத்தினா எங்க தெரு தாங்காது சார்.”

தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே பதிவேட்டைத் திருப்பி, மைப்பெட்டியைத் திறந்து மாமியின் பக்கம் தள்ளினார். மாமி அதைத் தொடவில்லை. மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். குனிந்து, வலமிருந்து இடமாக, நிறுத்தாமல், அலை ஒதுங்கின கோடு மாதிரித் தம் பெயரை எழுதினார்.

தலைமையாசிரியர் பதிவேட்டைப் பார்த்தார். நல்ல மனிதர்தான். “மன்னிக்கணும்மா,” என்றார். “இத மேலாபீசுல யாருக்கும் வாசிக்கத் தெரியாது. ரேகையும் வச்சிருங்க.”

மாமி பேனாவை மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு இடது பெருவிரலை மையில் அழுத்தி, தாம் எழுதிய பெயருக்குப் பக்கத்தில் வைத்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் குதித்துக்கொண்டு வந்தேன். மாமி வழியில் நின்று நின்று, மணலை அள்ளி அந்த விரலைத் தேய்த்துக்கொண்டு வந்தார். கடலோரம் வந்ததும் அலையில் குனிந்து தேய்த்தார். மை கையில் பட்டால் மாமிக்கு அருவருப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். “விடுங்க மாமி, ரெண்டு நாள்ல தானாப் போயிரும்,” என்று, மையைப் பற்றி எல்லாம் தெரிந்தவளாக, ஆறுதலும் சொன்னேன்.

இப்போது நான் ஆசிரியப் பயிற்சி முடித்து, அதே கரையில் இன்னொரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். போன திங்கட்கிழமை சேர்க்கைப் பதிவேடு என் கைக்கு வந்தது. ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த தாய், மைப்பெட்டிக்காகத் தாமாகவே விரலை நீட்டினார்.

“ஓதத் தெரியுமாம்மா ஒங்களுக்கு?” என்றேன்.

“அதெல்லாம் நல்லா ஓதுவேன் டீச்சர். எழுதவும் செய்வேன். படிக்கத்தான் தெரியாது.”

மைப்பெட்டியை மூடி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தேன். அவர் வலமிருந்து எழுதினார். அதற்குக் கீழே, எழுதியவர் பெயரைத் தமிழில் எழுதி, ‘கையொப்பம்’ என்று குறித்து, சாட்சியாக நானும் என் பெயரைப் போட்டேன்.