ஒரு பாக்கெட் வீடு

பாட்சா நோன்பு பிடித்த அன்றே ஏதோ சரியில்லை என்று நஃபீசாவுக்குப் பட்டுவிட்டது. ரம்ஜானுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தது. ரம்ஜானிலேயே வண்டி ஓட்டுகிற சாக்கில் நாலைந்து நோன்பை நழுவவிடுகிற மனிதன் அவன். லெபனானில் குண்டு விழுந்த ஊரிலிருந்து முழுசாகத் திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. விடிவதற்குள் தானே எழுந்து இரண்டு வாய் சோற்றைத் தின்றுவிட்டு, பகல் முழுவதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னாங்க திடீர்னு?"

"ரஜப் மாசமாச்சே. நல்லதுன்னு சொல்றாங்க."

"ஒம்போது வருசமா கண்ணுல படாத ரஜப்பு, இந்த வருசம் சேலையூருக்கு பஸ் புடிச்சு வந்துச்சாக்கும்?"

அவன் சிரித்தான். நஃபீசா பிக்கோ மெஷினில் புடவை ஓரத்தை ஓட்டிக்கொண்டே அந்தச் சிரிப்பைப் பார்த்துவைத்தாள்.

பாட்சாவைப் பற்றிச் சொல்வதானால் ஸ்டியரிங்கிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பதினெட்டு வயதில் கேம்ப் ரோட்டில் ஸ்கூல் வேன். பிறகு பல்லாவரத்துத் தோல் கிடங்குகளுக்கு மினி லாரி. அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போவதற்குள் ஒரு ஏஜென்ட் வந்து லெபனான் என்றான். தெற்கே கடலோரத்து ஊர் ஒன்றில் ரொட்டி சுடுகிற கம்பெனி. அங்கே நான்கு வருடமாக டெலிவரி வேன். விடிகாலையில் சுட்ட வட்ட ரொட்டியை பாக்கெட் பாக்கெட்டாக ஏற்றிக்கொண்டு மலைக் கிராமங்களுக்கு ஏறுவான். நூற்றுப் பன்னிரண்டு வீடு. எந்த வீட்டுக்காரர் பெயரும் அவன் வாயில் நுழையாது. இரண்டு பாக்கெட் வீடு, நாய் இருக்கிற மூன்று பாக்கெட் வீடு, வெள்ளிக்கிழமை மட்டும் ஆறு பாக்கெட் வீடு என்று ரொட்டியை வைத்துத்தான் வீடுகளை அடையாளம் தெரியும். கதவைத் திறந்து வாங்குவது பெரும்பாலும் வீட்டு வேலைக்கு வந்திருந்த பெண்கள். இலங்கை, நேபாளம், எத்தியோப்பியா என்று எங்கெங்கோ இருந்து வந்தவர்கள். தமிழ் பேசுகிறவர்கள் என்றால் ஒரு நிமிடம் நின்று, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பான்.

ஜூலையில் சண்டை மூண்டது. எஜமானர்கள் குடும்பத்தைக் காரில் திணித்துக்கொண்டு வடக்கே ஓடினார்கள். வேலைக்காரப் பெண்களுக்குப் பல கார்களில் இடமில்லை. சில வீடுகளுக்கு வெளியே பூட்டே தொங்கியது. உள்ளே இருந்தவளின் பாஸ்போர்ட் எஜமானரின் பையில் போய்விட்டது. எந்த வீட்டுக்குள் யார் இருக்கிறாள் என்பது எந்த அலுவலகத்துக்கும் தெரியாது. ரொட்டிக்காரனுக்குத் தெரியும்.

முதலாளியைக் கேட்காமலே பாட்சா வேனை எடுத்தான். ஆறு நாளில் நாலு நடை. ரொட்டித் தட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் பெண்களைக் குந்தவைத்து, இருபத்தாறு பேரைத் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தான். சோதனைச்சாவடிகளில் யாரும் அவனைத் துப்பாக்கி நீட்டி நிறுத்தவில்லை. நான்கு வருடமாக அவன் கையால் சூடான ரொட்டி வாங்கித் தின்றவர்கள் அவர்கள்.

இவ்வளவும் போனில் கேட்டு நஃபீசாவுக்குத் தெரியும். கேட்கக் கேட்கப் பெருமையும் வந்தது, உயிரும் போனது. பக்ரீதுக்கு அவன் லீவில் வந்து போனதில், கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அவள் வயிற்றில் ஒன்று தங்கி அப்போது ஆறாவது மாதம். நம் கடற்படைக் கப்பல் வருகிறது என்று டிவியில் சொன்ன அன்று அவள் போனில் கறாராகப் பிடித்துக்கொண்டாள். "மொதல் கப்பல்ல வந்துடுவேன்னு அல்லா மேல சத்தியம் பண்ணுங்க." அவனும் செய்தான்.

முதல் கப்பலில் அவன் வரவில்லை. ஐந்து நாள் போனும் இல்லை. அந்த ஐந்து நாளும் அவள் வாயில் வைத்த சோறு வயிற்றுப் பிள்ளைக்காக மட்டும்தான். கடைசியில் வந்து நின்றவன், பாலம் உடைந்து வழியில் மாட்டிக்கொண்டேன், கப்பலை விட்டுவிட்டேன் என்றான். ஆள் வந்ததே போதும் என்று அவள் அதற்குமேல் தோண்டவில்லை.

இரண்டாவது நோன்பு நாளின் மாலையில் குடியிருப்போர் சங்கத் தலைவர் ராஜகோபாலன் வந்தார். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். கூடவே ஹார்டுவேர் கடை ஜெயவேலு. பாட்சாவோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

"பாட்சா, பதினஞ்சாம் தேதி கொடியேத்தறப்போ உங்களை கௌரவிக்கணும்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டோம். நாலு வார்த்தை நீங்களும் பேசணும்."

"அதெல்லாம் வேணாம் சார்."

"இன்னா மச்சான், சால்வை போடறோம்னா ஊசி போடறோம்ன மாதிரி மூஞ்சிய வெச்சிகினு கீறே?" என்றான் ஜெயவேலு.

"நெஜமாவே வேணாம்டா. வுட்டுடு."

ராஜகோபாலன் விடுகிறவர் இல்லை. "அடக்கம் இருக்கணும்தான். ஆனா செம்பாக்கம் சுந்தர்சிங் எங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான். அங்க ஹோட்டல்ல குக்கா இருந்தானே, உங்களோட அதே கப்பல்ல ஏறினவன். மேல்தட்டுல இடம் புடிச்சு உட்கார்ந்த நீங்க, ஏணியை எடுக்கறதுக்குள்ள குடுகுடுன்னு இறங்கிப் போனீங்களாம். எங்கண்ணா போறீங்கன்னு இவன் கத்தினா, ஒரு வீடு விட்டுப்போச்சுன்னு சொன்னீங்களாம். எத்தனை பேருக்குப்பா அந்த மனசு வரும்?"

பிக்கோ மெஷின் நின்றது.

நஃபீசா எழுந்து உள்ளே போனாள். இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் குடித்து முடித்து, யோசிச்சு சொல்லுங்க என்று செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்கள். அவள் கதவைச் சாத்தினாள்.

"சத்தியத்த முறிச்சா மூணு நோன்பு. இது எத்தினியாவது?"

"ரெண்டாவது."

"ரஜப்பாம் ரஜப்பு! பாலம் உடைஞ்சுதுன்னீங்களே?"

"பாலம் உடைஞ்சது நெஜம்தான்."

"கப்பலுக்கு வரப்போ உடைஞ்சுதா, எறங்கி ஓடினப்போ உடைஞ்சுதா?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொல்ல ஆரம்பித்தான்.

கப்பலில் ஆளுக்கு ஒரு ரொட்டி பாக்கெட் கொடுத்தார்களாம். எதிரே ஒரு பெண் தன் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்குச் சுரீர் என்றது. மலை உச்சியில் ஒரு நாலு பாக்கெட் வீடு. அங்கே எப்போதும் எஜமானியம்மாள்தான் வந்து ரொட்டி வாங்குவாள். வேலைக்கு ஆள் இருப்பதாகவே அவனுக்குத் தெரியாது. சண்டை தொடங்கிய மறுநாள் அந்த வீட்டுக்காரர் கம்பெனிக்கு போன் செய்திருந்தார்: நாளையிலிருந்து ஒரு பாக்கெட் போதும், வாசல் கம்பிக் கதவு வழியாக உள்ளே போட்டுவிடு. இரண்டு நாள் போட்டான். பிறகு அந்தப் பாதையே அடைபட்டுவிட்டது.

"ஊரைக் காலி பண்ணிகினு போறவன் ரொட்டியே வேணாம்னுதான சொல்லணும்? ஒண்ணு போதும்னா, அந்த ஒண்ண தின்றது யாரு? இது எனக்கு அன்னிக்கே தோணியிருக்கணும் நஃபீசா. எட்டு நாள் கழிச்சு கப்பல்ல குந்திகினு இருக்கறப்போ தோணுது. வேற எவனுக்குச் சொன்னாலும் புரியாது. எறங்கிட்டேன்."

வேன் நிறுத்திய இடத்திலேயே நின்றது. போகிற வழியில்தான் பாலம் உடைந்தது. ஓடை வழியாக வண்டியை இறக்கி, பகலில் ஒரு தோப்புக்குள் ஒளித்து, மறுநாள் உச்சிக்குப் போனான். வீட்டு முன்கதவில் கம்பிக் கதவு, அதில் பூட்டு. உள்ளே இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த காமு என்கிற பெண், இருபது வயது இருக்கும். இரண்டு பாக்கெட்டில் அரை ரொட்டியை இன்னும் துணியில் சுற்றி மிச்சம் வைத்திருந்தாள். ஜாக்கி கம்பியால் பூட்டை நெம்பி உடைத்தால், அவள் வெளியே வரமாட்டேன் என்கிறாள்.

"ஏன்?"

"திருடிட்டு நான் ஓடிட்டேன்னு போலீஸ்ல சொல்லிருவாங்க அண்ணேன்னு அழுவுது. மேல ஏரோப்ளேன் சத்தம். நான் கத்தறேன், அது நவுரல. அப்புறம் பில் புக்குல ஒரு தாளைக் கிழிச்சு, பூட்டை உடைச்சது நானு, ரொட்டிக்காரன், பொண்ணை நான்தான் கூட்டிகினு போறேன், வேற ஒண்ணும் எடுக்கலன்னு எனக்குத் தெரிஞ்ச அரபியில எழுதி, கையெழுத்துப் போட்டு சாப்பாட்டு மேசைமேல வெச்சேன். அதைப் பாத்துட்டுத்தான் வந்துச்சு. வரும்போது அடுப்பு கேஸை வேற மூடிட்டு வருது!"

நஃபீசாவுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. அடக்கிக்கொண்டாள். கோபம் இன்னும் தீரவில்லை.

"நீங்க மௌத்தாயிருந்தா? எனக்கு யாரு வந்து சொல்லுவா? பாலம் உடைஞ்சு மாட்டிகினு செத்துட்டார்னா?"

"அதுக்குத்தான் சால்வை வேணாங்கறேன். உனக்கு சத்தியம் பண்ணிட்டு முறிச்ச காரியம் அது. அதுக்கு ஊரே கைதட்டினா, நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு நிப்பேன்?"

பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத் தட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் ஒன்றை எடுத்து வாயில் போட்ட பிறகுதான் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு ஊருக்குப் போய்ச் சேந்துச்சா?"

"சேந்துடுச்சு. அடுத்த கப்பல்ல எங்கூடத்தான் வந்துச்சு. அண்ணன்காரன் போன் பண்ணான்."

"ம்." தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "நாளைக்கு நோன்பு வேணாம். பத்து ஏழைங்களுக்குச் சோறு போட வக்கில்லாதவனுக்குத்தான் மூணு நோன்பு. நம்ம வூட்ல அரிசி கீது."

"வெறுங்கையோட வந்தவன்டி நான்."

"நான் வெறுங்கையா இல்ல. மெஷின் ஓடிகினுதான் கீது. போய் ஜெயவேலு அண்ணன்கிட்ட பெரிய அண்டா வாங்கியாங்க."

ஞாயிற்றுக்கிழமை செம்பாக்கம் ஏரிப் பக்கம் கட்டட வேலைக்கு வந்திருந்த ஒரிசாக்காரர்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்து குஸ்காவும் கத்திரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டார்கள். பத்துப் பேரைக் கூப்பிட்டால் பதினான்கு பேர் வந்தார்கள். ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு நஃபீசாவே பரிமாறினாள். அண்டாவைத் திருப்பி வாங்க வந்த ஜெயவேலுவிடம், "சார்கிட்ட சொல்லிடுங்கண்ணா, செவ்வாய்க்கெழமை அவரு வருவாரு. நானும் வரேன்" என்றாள்.

கொடியேற்றியதும் ராஜகோபாலன் அரை மணி நேரம் பேசினார். வெயில் ஏறியது. சால்வையைப் போர்த்தியபோது, "மச்சான், உள்ள ஃபேன் வெச்சித் தச்சிருக்கோம்டா" என்று ஜெயவேலு கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தான். இருபத்தேழு பேர் என்று தலைவர் அறிவித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். முதலில் எழுந்து நின்றது முனியம்மா; அந்தக் காலனியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் களைத்துப்போய் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்ததைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். பாட்சா மைக்கைப் பிடித்து, "நான் ரொட்டி போட்ட வூடுங்க. எனக்குத் தெரிஞ்சுது, போனேன். எங்க வூட்டுக்காரம்மாகிட்ட சொல்லாமப் போனது தப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினான். கூட்டம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை; அவளைத்தான் பார்த்தான். இந்த ஆளோடுதான் ஒன்பது வருடமாக ஒரே தட்டில் சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டே அவளும் கைதட்டினாள்.

அன்று சாயங்காலம் லெபனானிலிருந்து போன் வந்தது. சண்டை நின்றுவிட்டது, அடுப்பு மூட்டப்போகிறேன், வேனைச் சொல்லாமல் எடுத்ததற்கு வந்ததும் திட்டுகிறேன், சீக்கிரம் வா என்றார் முதலாளி. பாட்சா ரிசீவரை வைத்துவிட்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"கொழந்த பொறந்தப்புறம் போறேன். மறுபடி எதுனா ஆச்சுன்னா மொதல் கப்பல்லயே..."

"சத்தியம்லாம் வேணாம்." நஃபீசா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டாள். "மறுபடியும் கப்பல்ல குந்திகினு கீறீங்க. அதே மாதிரி ஒரு வூடு ஞாபகம் வருது. இன்னா பண்ணுவீங்க? நெஜத்த சொல்லுங்க."

அவன் தரையில் கிடந்த நூல் துண்டை எடுத்து விரலில் சுற்றினான்.

"எறங்கிடுவேன்."

"எறங்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மெஷினை மிதித்தாள்.