கிணற்றுத் தண்ணீரை ஊற்றியவன்

கணினிகளின் குளிரூட்டும் தொட்டிக்குள் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரை ஊற்றியவன் நான். யோகராணி அல்ல. இதை எழுத எனக்கு மூன்று வருடம் பிடித்தது. ஊற்ற மூன்று நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

கிளிநொச்சியில் எங்கள் தரவு மையம். நெருக்கி அடுக்கிய கணினிகளுக்குக் காற்றுப் போதாது. மயிரிழைக் குழாய்களில் ஒரு விசேட திரவம் ஓடி அவற்றின் சூட்டை வாங்கிவரும். அது கொழும்பிலிருந்து பீப்பாவில் வரவேண்டும். எழுதி எடுப்பிக்கவேண்டிய பொறுப்பாளர் நான். மறந்துபோனேன்...

தொட்டியில் மட்டம் குறைந்து சிவப்பு விளக்கு எரிந்தது. மறுநாள் மேலிடத்தார் பார்வையிட வருகிறார்கள். மறதியை ஒப்புக்கொள்வதா? அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன், நானா! வளவுக் கிணற்றில் அள்ளி ஊற்றினேன். விளக்கு அணைந்தது.

எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பானையின் அடியில் சுண்ணாம்பு படியும். வன்னியில் இதை அறியாதவர் உண்டா? இரண்டே மாதத்தில் குழாய்கள் அடைத்துக்கொண்டன. கணினிகள் கொதித்து ஒவ்வொன்றாய் நின்றன.

விசாரணை வந்தது. தொட்டியைப் பார்ப்பது யோகராணியின் வேலை. பூவரசங்குளத்துப் பிள்ளை, மலையகத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம்.

"நான் ஊத்தேல்லை சேர்," என்றாள்.

முகாமையாளர் என் பக்கம் சாய்ந்தார். "தோட்டத்து ஆக்கள்... விளக்கம் போதாது, என்ன?"

ஒரு 'இல்லை' போதுமாயிருந்தது. நான் கதிரையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் குடும்பமும் யாழ்ப்பாணத்திலிருந்து வாய்க்கால் தண்ணீரை நம்பி ஸ்கந்தபுரத்துக்கு வந்ததுதான். ஆனால் வந்து குடியேறியவர்களிலும் இரண்டு தரம் உண்டாம்! அன்று அது எனக்கு வசதியாக இருந்தது.

அவளுடைய வேலை போயிற்று. எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமும் வரவில்லை. மத்தியானம் பசித்தது; சாப்பிட்டேன். நீங்களென்றால் என்ன செய்திருப்பீர்கள்? இப்படிக் கேட்பதும் ஒரு தப்பித்தல்தான்...

கொம்பனியிடம் இன்னும் சொல்லவில்லை. போன மாதம் அவளிடம் போய்ச் சொன்னேன். தையல் மெசினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் சேர்," என்றாள். "எந்த விசயமெண்டாலும் அரை மணித்தியாலம் கதைக்கிற ஆள் நீங்கள். அண்டைக்கு மட்டும்தான் வாய் திறக்கேல்லை."