மோர்டனிலிருந்து லூயிஷாமுக்கு, ஒரு குத்துவிளக்கோடு

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தை வெள்ளியன்று லண்டனில் லூயிஷாமுக்குத் திருவிளக்குப் பூசைக்குப் போனேன். கோயிலில் இல்லை, எங்கள் பெண்கள் குழு வாடகைக்கு எடுத்த மண்டபம். இப்போதும் விளக்கைச் சுமந்துகொண்டு அந்தப் பக்கம் போகிறவர்கள் இருப்பதால் எழுதுகிறேன்.

பகல் 2.10க்கு மோர்டனில் பாதாள ரயில். ஒருநாள் சீட்டு மூன்று பவுண் எண்பது பென்ஸ். கூட வந்தவள் பக்கத்து வீட்டு மலர். அடித்த புருஷனை விட்டு வந்து எட்டு மாதம், தாலியையும் கழற்றிவிட்டாள். "ஒரு விளக்கு ஏத்தினால் மனம் ஆறும் அக்கா" என்று அவள்தான் கேட்டாள்.

லண்டன் பிரிட்ஜ் வரை அரை மணித்தியாலம். மலர் கண்ணயர்ந்தாள். நான் நூலகத்தில் எடுத்த அமெரிக்கச் சிறுகதைப் புத்தகத்தை விரித்தேன். (என் ஆங்கிலம் அகராதியோடு மாரடித்துப் படித்தது.) சின்ன ஊர், ஒரே தேவாலயம். புருஷனை விட்டு வந்த ஒருத்தி கொண்டுவரும் பலகாரத்தை அங்கே ஒருவரும் தொடுவதில்லை. அவள் கதையைப் பாதிரியாரின் மனைவியிடம் சொன்னது, அவளுக்காகத் தினமும் செபித்த தோழிதான்.

புத்தகத்தை மூடினேன். முதல் நாள்தான் குழுத் தலைவி பரமேசக்காவுக்குப் போன் எடுத்து, "மலரையும் கூட்டிவரட்டோ? பாவம்" என்று எல்லாவற்றையும் ஒப்புவித்திருந்தேன். "வாங்கோ, பாப்பம்" என்றார். அந்தப் "பாப்பம்" அப்போதுதான் உறைத்தது.

லண்டன் பிரிட்ஜிலிருந்து வேறு ரயிலில் லூயிஷாமுக்குப் பன்னிரண்டு நிமிடம், பிறகு கால் மைல் நடை. 3.15க்கு வாசலிலேயே பரமேசக்கா.

"தங்கச்சி, நீர் முன்னுக்கு வாரும். அந்தப் பிள்ளை பின்னுக்குக் கதிரையில இருக்கட்டும். விளக்கு வேண்டாம், இது சுமங்கலியள் ஏத்திறது."

"லண்டனுக்கு வந்தாப்போலை தாலி பாரமாப் போச்சாக்கும்" என்றது உள்ளிருந்து ஒரு குரல். சிரிப்பு.

மலர் என்னைப் பார்த்தாள். "நீங்களோ அக்கா சொன்னது?"

"ஓம்."

கதையில் அந்தத் தோழி தேவாலயத்தின் முன் வாங்கில் போய் உட்கார்ந்து பாடுகிறாள். எனக்கும் முன்வரிசையில் பாய் விரித்திருந்தது. அதில் உட்காராவிட்டால் இரவுக்குள் மோர்டன் முழுக்கத் தெரிந்துவிடும்.

"அப்ப எனக்கும் பின்னுக்குத்தான் இடம், அக்கா."

"விசரே உமக்கு? உம்மடை மனுசனுக்குத் தெரியுமோ?"

"இன்னும் இல்லை."

கடைசிக் கதிரைகளின் நடுவே, நிலத்தில் என் விளக்கை வைத்தேன். இரண்டு குச்சி அணைந்தது. மூன்றாவதை மலர் கை பொத்திப் பிடித்தாள். எல்லாத் தலைகளும் திரும்பின. நான் சுடரை மட்டும் பார்த்தேன். நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை.

அந்தக் குழு பிறகு எனக்கு அழைப்பு அனுப்பவில்லை. பயம் போய்விட்டதென்றும் சொல்லமாட்டேன்.

போகிறவர்கள் எண்ணெயைச் சின்னப் போத்தலில் இறுக மூடிக் கொண்டுபோங்கோ. தீப்பெட்டி ஒன்று கூடுதலாக வையுங்கோ. ஆனால் கூட வருகிறவளுக்காக முன்கூட்டி ஒருவரிடமும் அனுமதி கேட்காதேங்கோ. கேட்ட பிறகு அவள் முகத்தைப் பார்க்க வேண்டியது நீங்கள்தான்.