கடல் வராத வழி

எங்கள் இந்தியப் பயணத்துக்காக, செட்டிபாளையத்து வீட்டில் வரைபடத்தை விரித்துச் சென்னை, போபால், டெல்லி, காசி என்று பென்சிலால் கோடு இழுத்தேன். வாவிக் காற்று தாளின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டே இருந்தது. எங்கே போவதென்றாலும் காலையில் புறப்பட்டால் பின்னேரம் போய்விடலாம் என்பது நம் சின்னத் தீவு நாட்டுக் கணக்கு. அதையே அங்கும் போட்டிருந்தேன்.

மனைவி போனில் ரயில் நேரம் பார்த்தாள்.

“போபாலுக்கு ஒரு பகலும் ஒரு ராவும் ஓடணுமாம். கடல் எந்தப் பக்கம் வரும்?”

“ஒரு பக்கமும் வராது,” என்றேன் எரிச்சலோடு.

வாவிக்கும் கடலுக்கும் நடுவிலேயே வாழ்ந்தவள். என் கையிலிருந்த பென்சிலை வாங்கிப் போபாலைச் சுற்றி வட்டம் போட்டாள்.

“இஞ்ச ரெண்டு நாள் நிப்பம். கடல் சத்தம் கேக்காம ஒருக்காப் படுத்துப் பாக்கணும்.”